மாண்ட்ரியல் மேடையில் ஃபிரெடி மெர்குரி: ஒரு ப்ளூ-ரே வட்டின் மதிப்புரை

ஃபிரெடி மெர்குரி முதன்மைப் பாடகராக இருந்த பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான க்வீன், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1981 நவம்பர் 24, 25 ஆகிய இரு இரவுகளில் நடத்திய கச்சேரிகளிலிருந்து தொகுத்த படத்தையும், 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் பஞ்ச நிவாரணத்துக்காகப் பல குழுக்கள் பாடிய லைவ் எய்ட் நிகழ்ச்சியில் அதே குழு பாடிய பகுதியையும் ஒன்றாகச் சேர்த்து 2007-இல் ஒரு ப்ளூ-ரே வட்டு வெளியானது. கடந்த இரண்டு மாதங்களில் அதை ஏழெட்டு முறையாவது முழுமையாகப் பார்த்திருப்பேன். என் அக்கா மகன் கல்லூரியில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் குழு தொடங்கியிருக்கிறான். பாடுவது அவன் பொறுப்பு. தன் குரல் எவ்வளவு மேலே போகிறது என்பதைப் பற்றியே அவன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். முதன்மைப் பாடகருக்கு வேண்டியது அது மட்டும்தானா என்று அவன் கேட்டபோது, சொல்லி விளக்குவதைவிடக் காட்டுவது நல்லது என்று இந்த வட்டை வாங்கினேன். மாபெரும் முதன்மைப் பாடகருக்கு எது வேண்டும் என்ற என் கேள்விக்கும் இதில் விடை கிடைத்தது என்பதால் இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பதிவின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும். ஏதோ ஒரு சுற்றுப்பயணத்தின் நடுவில் தற்செயலாகப் பிடித்து வைத்த காட்சிகள் அல்ல இவை. படமெடுப்பதற்கென்றே அந்த இரண்டு கச்சேரிகளும் ஏற்பாடு செய்யப்பட்டன. திரையரங்கப் படங்களுக்குப் பயன்படும் 35 மி.மீ. சுருளில் பதிவு செய்யப்பட்டன. இயக்கியவர் சால் ஸ்விம்மர். ஜார்ஜ் ஹாரிசனும் ரவி சங்கரும் முன்னின்று நடத்திய வங்கதேச நிவாரணக் கச்சேரியைப் படமாக்கியவரும் இவரே. படக்குழுவோடு இசைக்குழுவுக்கு அத்தனை இணக்கம் இருக்கவில்லை என்பதும், அந்தச் சினம் அன்றைய வாசிப்பில் ஏறியிருக்கிறது என்பதும் க்வீன் ரசிகர்களிடையே பலகாலமாகப் பேசப்படுவது. முதல் பாடலிலேயே அந்த வேகத்தைக் கேட்கலாம். ஊரெல்லாம் கைதட்டிக் காலால் தாளமிட்டுப் பாடும் 'வி வில் ராக் யூ'வை அவர்கள் இங்கே இரண்டு முறை வாசிக்கிறார்கள். தொடக்கத்தில் வருவது, நமக்குப் பழகிய நடையில் இல்லாமல், கிட்டாரும் டிரம்ஸும் பாய்ந்தோடும் துரித வடிவம்.

மேடையில் இருப்பவர்கள் நான்கு பேர் மட்டுமே: கிட்டாரில் பிரையன் மே, டிரம்ஸில் ரோஜர் டெய்லர், பேஸ் கிட்டாரில் ஜான் டீக்கன், குரலிலும் பியானோவிலும் ஃபிரெடி மெர்குரி. அடுத்த ஆண்டின் சுற்றுப்பயணத்திலிருந்து கீபோர்டு வாசிக்க ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்துகொண்டார். எனவே நால்வர் மட்டும் தாங்கி நிறுத்திய க்வீன் எப்படி ஒலித்தது என்பதற்கு இந்தப் பதிவு கடைசிச் சான்றாக நிற்கிறது. பாடகரைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இது முக்கியம். ஏனெனில் இங்கே அவர் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பியானோ தேவைப்படும் இடத்தில் பெரும்பாலும் அவர்தான் ஓடிச்சென்று உட்கார வேண்டும். அது முடிந்ததும் எழுந்து மேடையின் முனைக்கு வர வேண்டும்.

குரலைப் பற்றி முதலில் பேசுகிறேன், ஏனெனில் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மெர்குரியின் குரல்வளத்தை ஆஸ்திரியா, செக் குடியரசு, சுவீடன் நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேட்டிகளில் பதிவான அவரது பேச்சுக் குரலின் சராசரி அதிர்வெண் ஏறத்தாழ 117 ஹெர்ட்ஸ். அதாவது, இயல்பில் அவர் பாரிடோன் எனப்படும் நடுத்தர ஆண்குரல்காரராக இருந்திருக்கலாம். பாடியதோ அதற்கு மேற்பட்ட டெனர் வரம்பில். நீட்டி நிறுத்தும் சுரத்தில் அவர் குரல் கொள்ளும் அசைவு வழக்கமான பாடகர்களுடையதைவிட வேகமானது, ஒரே சீராக இல்லாதது. கரகரப்போடு பாடும் இடங்களில் அடிச் சுருதிக்குக் கீழே மற்றொரு அதிர்வும் சேர்ந்து எழுவதை அவர்கள் கவனித்தார்கள். அவரைப் போலவே பாடக்கூடிய ஒரு ராக் பாடகரின் தொண்டையை நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கும் கருவியால் பதிவு செய்தபோது, குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்களும் அந்த ஒலியில் பங்குகொள்வது தெரிந்தது.

இந்த வட்டில் 'சம்பாடி டு லவ்' பாடலைக் கேட்கும்போது அந்த ஆய்வு சொல்வதெல்லாம் காதுக்கே எட்டுகிறது. 1976-இல் வெளியான ஆல்பத்தில் மெர்குரி, மே, டெய்லர் மூவரும் தங்கள் குரல்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு தேவாலயப் பாடற்குழுவைப் போல ஒலிக்க வைத்த பாடல் அது. மேடையில் அந்த அடுக்குகள் கிடையாது; மூன்று தொண்டைகள் மட்டுமே. அந்தக் குறையை மெர்குரி தன் ஒற்றைக் குரலால் நிரப்புகிறார். பியானோவை விட்டு விலகாமல், ஒரு வரியைக் கெஞ்சலாகத் தொடங்கி அதே மூச்சில் முழக்கமாக மாற்றுகிறார். கரகரப்பை எங்கே கூட்ட வேண்டும், எங்கே துடைத்தெடுத்துத் தூய குரலில் நிற்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தச்சரின் கணக்கு இருக்கிறது. இந்த ஒரு பாடலுக்காகவே வட்டை வாங்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் என் அக்கா மகனுக்கு நான் நிறுத்திக் காட்டியது உச்ச சுரங்களை அல்ல. அவற்றை அவர் தவிர்க்கும் இடங்களைத்தான். மெர்குரிக்கு 1970-களின் நடுப்பகுதியிலிருந்தே குரல்நாண்களில் முடிச்சு தோன்றும் தொல்லை இருந்தது. எனவே கச்சேரிகளில் ஆல்பத்தில் உள்ள மேல் ஸ்தாயிச் சுரங்கள் எல்லாவற்றையும் அவர் துரத்துவதில்லை. 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' போன்ற பாடல்களில் தான் கீழே ஓர் இணைமெட்டை அமைத்துக்கொண்டு, மேல்சுரத்தை டிரம்ஸுக்குப் பின்னால் இருக்கும் ரோஜர் டெய்லரின் கூர்மையான குரலிடம் விட்டுவிடுகிறார். கேட்பவருக்கு எதையோ இழந்த உணர்வு வருவதில்லை. ஒன்றரை மணி நேரம் பாட வேண்டியவர் முதல் இருபது நிமிடத்தில் தன்னைச் செலவழித்துவிடக் கூடாது என்ற கணக்கு நிகழ்ச்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவே டெய்லர் பாடும் 'ஐம் இன் லவ் வித் மை கார்', பிறகு டிரம்ஸ் தனி ஆவர்த்தனம், அதையடுத்து மேயின் நீண்ட கிட்டார் தனி வாசிப்பு என்று பாடகரின் தொண்டை ஆறுவதற்கான இடைவெளிகள் வருகின்றன. கிட்டார் பகுதி எனக்கு அளவுக்கு மீறி நீள்வதாகவே படுகிறது. ஆனாலும் அதன் பயனை மறுக்க மாட்டேன்.

இந்த டெய்லரின் பாடலைத்தான் நான் மிக உன்னிப்பாகப் பார்த்தேன். உலகமே தன்னைப் பார்க்க வந்திருக்கும் மேடையில், மெர்குரி பியானோவில் அமர்ந்து மற்றொருவர் பாடும் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறார், இடையிடையே துணைக்குரல் கொடுக்கிறார். அந்த நிமிடங்களில் அவர் முகத்தில் அலுப்பின் சாயல் இல்லை. இதன் வேர் எங்கே என்று யோசித்தால் அவரது பள்ளிப் பருவத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1946-இல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் ஃபாரூக் புல்சாராவாகப் பிறந்த அவர், எட்டு வயதிலிருந்து மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் உள்ள புனித பீட்டர் உறைவிடப் பள்ளியில் படித்தார். அங்கே அவரும் நண்பர்களும் தொடங்கிய 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் அவர் முதன்மைப் பாடகர் அல்ல, பியானோ வாசித்தவர். பின்னர் லண்டனின் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்ற நாட்களில், மேயும் டெய்லரும் அப்போது நடத்திவந்த 'ஸ்மைல்' குழுவின் கச்சேரிகளுக்குப் பார்வையாளராகச் சென்று, மேடையில் இன்னும் எப்படித் தோன்ற வேண்டும் என்று அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவின் பாடகர் விலகிய பிறகுதான் 1970-இல் மெர்குரி அவர்களோடு இணைந்தார். பக்கவாத்தியக்காரராகவும் ரசிகராகவும் இருந்து பழகிய பிறகு மைக்கின் முன் வந்தவர் அவர்.

மாபெரும் முதன்மைப் பாடகருக்கு எது வேண்டும் என்ற கேள்விக்கு இந்த வட்டு தரும் விடையாக நான் எடுத்துக்கொண்டது இதையே: மேடையில் இருப்பவர்களுள் மிக நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் அவராக இருக்க வேண்டும். தான் குழுவின் தலைவர் அல்ல, பாடுபவர் மட்டுமே என்று மெர்குரி பேட்டிகளில் வலியுறுத்தியிருக்கிறார். க்வீனின் நால்வருமே பாடல் எழுதுபவர்கள். 'வி வில் ராக் யூ', 'சேவ் மீ', 'நௌ ஐம் ஹியர்' ஆகியவை மே எழுதியவை. 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்', மேடையில் ஒரு சொல்லும் பேசாமல் நிற்கும் டீக்கனுடையது. பிறர் மனத்தில் உதித்த சொற்களை வாங்கி, தன் நெஞ்சிலிருந்தே புறப்பட்டவை போல ஆயிரக்கணக்கானவர்கள் முன் வைப்பது எளிய வேலை அன்று. 'சேவ் மீ'யை அவர் பாடும் விதத்தைப் பார்த்துவிட்டு, அது கிட்டார்க்காரர் எழுதிய பாடல் என்று தெரிந்துகொள்ளும் எவரும் வியப்படைவார்கள்.

'அண்டர் பிரஷர்' இன்னொரு சான்று. டேவிட் போவியோடு சேர்ந்து பதிவு செய்த அந்தப் பாடல் கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பு, 1981 அக்டோபரில்தான் வெளியாகியிருந்தது. போவி இல்லாத மேடையில் இரண்டு பெரும் பாடகர்களின் உரையாடலை எப்படி நிகழ்த்துவது? மெர்குரி தன் பகுதியோடு போவியின் வரிகளில் பலவற்றையும் ஏற்றுக்கொள்கிறார்; டெய்லர் அவருக்கு எதிர்க்குரல் தருகிறார். பாடல் இன்னும் அவர்கள் தொண்டையில் முழுதாகப் படியவில்லை என்பது கேட்பவருக்குத் தெரிகிறது. எனக்கு அந்தப் பச்சைத்தன்மை பிடித்திருக்கிறது. பிற்காலக் கச்சேரிகளில் இதே பாடல் மெருகேறி வந்தபோது இல்லாத ஒரு கவனக்குவிப்பு, ஒருவர் மற்றவரின் மூச்சைப் பார்த்துப் பாடும் நிதானம், இந்த வடிவத்தில் இருக்கிறது.

இனி 'லவ் ஆஃப் மை லைஃப்'. மேடையில் மேயும் அவரது பன்னிரு தந்திக் கிட்டாரும் மெர்குரியும் மட்டுமே. 1975-இல் வெளியான இந்தப் பாடலை க்வீன் ரசிகர்கள் தாங்களே பாடும் வழக்கம் சில ஆண்டுகளாகவே உருவாகியிருந்தது. அதே 1981-இன் மார்ச் மாதத்தில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய அரங்கில் போர்த்துகீசியம் பேசும் மக்கள் ஆங்கில வரிகளை ஒருமித்துப் பாடினார்கள். பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியலில் கூட்டத்தின் குரல் அத்தனை ஓங்கி ஒலிக்கவில்லை. மெர்குரி அதற்காக அவர்களை விரட்டுவதில்லை. சில வரிகளை அவர்களிடம் விடுகிறார், எவ்வளவு திரும்பி வருகிறது என்று காது கொடுக்கிறார், வருவதற்கு ஏற்றபடி அடுத்த வரியைத் தானே எடுத்துக்கொள்கிறார். விளிம்பு வரை நிரம்பிய அரங்கில் பாடகர் வாய் திறவாமல் நிற்கும் அந்தச் சில நொடிகள்தாம் எனக்கு இந்தப் படத்தின் உச்சம்.

உடலசைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்க காலக் கச்சேரி ஒன்றில் மைக் தாங்கி நடுவே முறிந்துபோக, மெர்குரி அடிப்பாகத்தை விட்டுவிட்டு மேல்பாதியோடு பாடி முடித்தார். அன்று முதல் அந்த அரைத்தண்டே அவரது அடையாளமானது. இந்தப் படத்தில் அது கணத்துக்குக் கணம் வேறொன்றாகிறது: மேயின் கிட்டாருக்கு எதிரே பிடிக்கும் பொய்க் கிட்டாராக, கூட்டத்தை நோக்கி நீட்டும் கோலாக, சில வேளை ஊன்றுகோலாக. அடியில் கனமான தட்டு இல்லாததால் அவர் எந்த இடத்திலும் கட்டுண்டு நிற்க வேண்டியதில்லை. வரைகலை படித்தவரின் கண் அவருக்கு இருந்தது. கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தன் உருவம் எந்தக் கோட்டில் தெரியும் என்று அறிந்தே கையை உயர்த்துகிறார், முதுகை வளைக்கிறார். பெரிய திரைகள் இல்லாத காலத்தின் மேடைக்கலை அது. 'கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்' பாடலுக்கு மட்டும் அவர் ஒரு கிட்டாரை மாட்டிக்கொண்டு வருகிறார். அதை அவர் எளிமையாகவே வாசிக்கிறார்; அந்தப் பாட்டுக்கு அது போதும்.

'பொஹீமியன் ராப்சடி'யின் நடுவில் வரும் ஓபரா பகுதியை மேடையில் நிகழ்த்த முடியாது என்பதைக் குழுவினர் மறைக்கவே இல்லை. அவர்கள் மேடையை விட்டு இறங்கிவிட, பதிவு செய்த ஒலிநாடா ஒலிக்க, விளக்குகள் மட்டும் ஆடுகின்றன. ராக் பகுதி தொடங்கும்போது நால்வரும் திரும்பப் பாய்ந்து வருகிறார்கள். வாயசைத்து ஏமாற்றுவதைவிட இந்த நேர்மை எவ்வளவோ உயர்ந்தது.

படத்தின் குறைகளுக்கு வருகிறேன். இரண்டு இரவுகளின் காட்சிகளை ஒன்றாகக் கோத்திருப்பதால் சில இடங்களில் தொடர்ச்சி இடறுகிறது. ஒளிப்பதிவாளர்கள் மெர்குரியின் முகத்துக்கு மிக அருகிலேயே நிற்க விரும்பியிருக்கிறார்கள். டீக்கனின் விரல்களை இன்னும் சில முறையாவது காட்டியிருக்கலாம். இவற்றைவிடப் பெரிய குறை, கூட்டம் பெரும்பாலும் இருளில் மறைந்துவிடுவது. பாடகருக்கும் கூட்டத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலே க்வீன் கச்சேரியின் உயிர். 'நௌ ஐம் ஹியர்' பாடலில் மெர்குரி ஒரு சுர வரிசையை வீச, ரசிகர்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். நமக்குத் தெரிவதோ ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கத்தைக் காதால் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் குறையை இதே வட்டில் உள்ள லைவ் எய்ட் பகுதி தீர்த்துவைக்கிறது. 21 நிமிடங்கள், பகல் வெளிச்சம், சுமார் 72,000 பேர். அவர்களும் க்வீனுக்காக மட்டும் வந்தவர்கள் அல்லர், பல குழுக்களைப் பார்க்க வந்தவர்கள். தங்கள் விளக்குகளும் புகையும் இல்லாமல், பிறர் அமைத்த மேடையில் நின்று அந்தக் கூட்டத்தைத் தன்வசப்படுத்த வேண்டும். மெர்குரி பியானோவில் 'பொஹீமியன் ராப்சடி'யின் முதற்பகுதியைத் தொட்டுவிட்டு எழுந்து நடக்கத் தொடங்குகிறார். 'ரேடியோ கா கா'வில் அத்தனை கைகளும் தலைக்கு மேலே ஒரே கணத்தில் இணைவதை இங்கே கேமரா முழுதாகக் காட்டுகிறது. அடுத்து இசைக்கருவிகள் ஓய, அவர் 'ஏ-ஓ' என்று குரல் எழுப்ப, அரங்கம் பதில் சொல்கிறது. மெல்ல மெல்லச் சுரங்களைக் கூட்டிக்கொண்டே போகிறார். கூட்டத்தால் எட்ட முடியாத இடத்துக்கு அவர்களை இழுப்பதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்து நிறுத்துகிறார். மாண்ட்ரியலில் இருளில் நடந்தது என்னவென்று இதைப் பார்த்த பிறகே எனக்கு முழுமையாக விளங்கியது.

கூடுதல் காட்சிகளில், லைவ் எய்டுக்காக லண்டனின் ஷா தியேட்டரில் குழுவினர் செய்த ஒத்திகை இருக்கிறது. இளம் பாடகர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஏற்கெனவே வாசித்துவந்த பாடல்களையே வெட்டிச் சுருக்கி, ஒன்றின் முடிவை மற்றொன்றின் தொடக்கத்தோடு ஒட்டி, ஒதுக்கப்பட்ட நேரத்துக்குள் அடக்கப் பழகுகிறார்கள். என் அக்கா மகன் மற்றவற்றைவிட இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அடுத்த வாரமே தன் நண்பர்களை அழைத்து வந்து அவர்களுக்கும் காட்டினான்.

படத்தின் தெளிவு இதன் வயதை நினைத்தால் வியப்பளிக்கிறது, 35 மி.மீ. சுருளின் பயனை மாண்ட்ரியல் காட்சிகளில் கண்கூடாகக் காணலாம். லைவ் எய்ட் பகுதி தொலைக்காட்சிக்காக ஒளிநாடாவில் பதிவானது என்பதால் மங்கலாகவே இருக்கும். சரவுண்ட் ஒலியும் ஸ்டீரியோவும் இரண்டுமே தரப்பட்டுள்ளன. நான் சாதாரண ஸ்டீரியோ ஒலிபெருக்கிகளில் கேட்டேன், பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியே தெரிந்தது. 2024-இல் இந்தப் படம் ஐமாக்ஸ் திரைகளில் வெளியானது, அதே ஆண்டில் 4கே பதிப்பும் வந்தது. வீட்டில் அதற்கேற்ற கருவி உள்ளவர்கள் அதைத் தேடலாம். 1980-களில் வீடியோ நாடாவாக வந்த பழைய பதிப்பு எங்கேனும் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். எனக்கு இணையத்தில் ஒரு விற்பனையாளர் முதலில் அனுப்பிய வட்டு கீறலோடு வந்து 'சேவ் மீ'யில் சிக்கி நின்றது. மாற்றித் தர மூன்று வாரங்கள் ஆயின. பெட்டியைத் திறந்த அன்றே முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

மேயும் டெய்லரும் பேசும் விளக்கவுரைத் தடம் ஒன்றும் வட்டில் உள்ளது. அதை இரண்டாவது முறை பார்க்கும்போது கேளுங்கள். முதல் முறை பாட்டை மட்டும் கேளுங்கள். நிகழ்ச்சியின் இறுதியில், குழுவே முன்பு பதிவு செய்திருந்த பிரித்தானிய நாட்டுப்பண் ஒலிநாடாவில் ஒலிக்க, நால்வரும் கூட்டத்தை நோக்கிக் குனிந்து விடைபெறுகிறார்கள். முதல் இரவின் தேதி 1981 நவம்பர் 24. சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1991 நவம்பர் 24 அன்று, மெர்குரி தன் 45-ஆம் வயதில் லண்டனில் காலமானார். இதை அறிந்த பிறகு அந்த இறுதிக் காட்சியை என்னால் எழுந்து போய்விடாமல், வட்டு தானாக நிற்கும் வரை உட்கார்ந்து பார்க்கத்தான் முடிகிறது.